கதிர்வீச்சு சிகிச்சையில் கருவியோடு கணக்கையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை பற்றிய செய்திகள் பெரும்பாலும் புதிய கருவி நிறுவப்பட்டது என்பதோடு முடிந்துவிடுகின்றன. அந்தக் கருவி எந்தத் திசையிலிருந்து, எந்த வடிவில், எவ்வளவு கதிரைச் செலுத்த வேண்டும் என்று தீர்மானிக்கும் கணக்கைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மருத்துவ இயற்பியல் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் இக்குறையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

தலை, கழுத்துப் புற்றுநோயில் கட்டிக்கு வழக்கமாக 35 தவணைகளில் 70 கிரே (உடல் ஏற்கும் கதிரளவின் அலகு) கொடுக்கிறோம். அதே வேளையில், அருகிலுள்ள தண்டுவடத்தை ஏறத்தாழ 45 கிரேக்குள்ளும், காதருகே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சராசரியாக 26 கிரேக்குள்ளும் வைத்திருக்கப் பாடுபடுகிறோம். சுரப்பி கெட்டால், குணமான பிறகும் அந்த நோயாளி வறண்ட வாயோடுதான் வாழ வேண்டியிருக்கும். விரும்பும் கதிரளவை முதலில் வகுத்துக்கொண்டு அதற்கேற்ற கதிர்க்கற்றையைப் பின்னோக்கிக் கணக்கிடலாம் என்பதை ஸ்வீடன் நாட்டு மருத்துவ இயற்பியலாளர் ஆண்டர்ஸ் பிராமேயும் அவருடைய சகாக்களும் 1982ஆம் ஆண்டிலேயே காட்டினார்கள். இன்று உடலை லட்சக்கணக்கான சிறு கனசதுரங்களாகவும் கதிரை ஆயிரக்கணக்கான சிறு கற்றைகளாகவும் பிரித்துக் கணினி அதைச் செய்கிறது.

திசைகள் முடிவாகிவிட்டால், கற்றைகளின் வலிமையைக் கண்டுபிடிப்பதற்கு விரைவான வழிகள் உண்டு. திசைகளைத் தேர்வதுதான் கடினம். 5 பாகைக்கு ஒன்றாக அமைந்த 72 திசைகளில் 7ஐத் தேர்ந்தெடுக்க 147 கோடிக்கும் அதிகமான வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்க இயலாது. கதிரை வடிவமைக்கும் உலோகத் தகடுகளை நகர்த்துவதிலும் இதே நிலைதான்: கதிர் பாயும் மொத்த நேரத்தைக் குறைக்க எளிய, துல்லியமான அல்காரிதம் (கணக்கைத் தீர்க்கும் படிப்படியான வழிமுறை) இருக்கிறது, ஆனால் தகடுகள் எடுக்கும் வடிவங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதோ, ஒரே வரிசைத் தகடுகளுக்குக்கூடக் கடினமான கணக்கு என்று நிரூபிக்கப்பட்டுள்ளது.

அல்காரிதத்தின் வேகத்தை வெறும் வசதியாக நான் பார்க்கவில்லை. கணக்கு மணிக்கணக்கில் ஓடினால், முதலில் கிடைத்த சுமாரான திட்டத்தையே ஏற்றுக்கொள்ளும் கட்டாயம் நேர்கிறது. அது நிமிடங்களில் முடிந்தால், சுரப்பியைக் கூடுதலாகக் காத்தால் கட்டியின் ஓரத்தில் எவ்வளவு இழக்கிறோம் என்பதை மருத்துவர் கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம். கணினி ‘மிகச் சிறந்தது’ என்று தரும் விடை, நாம் எழுதிக்கொடுத்த சமன்பாட்டுக்கே சிறந்தது என்பதால், அந்த ஒப்பீட்டை நான் இன்றியமையாததாகக் கருதுகிறேன். மேலும், சில வாரங்களில் கட்டி சுருங்குகிறது, நோயாளி மெலிகிறார். அன்றைய உடலுக்கேற்ப அவர் மேசையில் படுத்திருக்கும்போதே திட்டத்தைத் திருத்துவது, வேகமான அல்காரிதம் இல்லாமல் நடவாது.

ஜெர்மன் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் உருவாக்கிய மேட்ராட் போன்ற திறந்தநிலை மென்பொருள்கள் இந்த வழிமுறைகளை எவரும் ஆராய்ந்து பார்க்க இடமளிக்கின்றன. எனவே, இனி ஒரு புதிய கருவியைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, அதற்கான சிகிச்சைத் திட்டம் எவ்வளவு நேரத்தில் உருவாகிறது, எத்தனை மாற்றுத் திட்டங்கள் ஒப்பிடப்படுகின்றன, கணக்கிட்ட கதிரளவு தனியாகச் சரிபார்க்கப்படுகிறதா என்ற மூன்று கேள்விகளையும் தங்கள் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவ இயற்பியலாளர் ஒருவர்