வெலிங்டனில் உஸ்தாதாகிவிட்ட மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் உன்னை உஸ்தாதாக, அதாவது புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவனாகப் போட்டதில் அம்மாவுக்கு ரொம்பப் பெருமை. கை ஓங்காமல் ரெக்ரூட்டுகளை வழிக்குக் கொண்டுவர முடியுமா என்று போனில் கேட்டாய். முடியும். எவனாவது சுணங்கினால் திட்டுவதற்கு முன் அவன் காலைப் பார்.

ஓட ஆரம்பித்த மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் பையன்கள் நொண்டுவார்கள். தசை சீக்கிரம் பலப்பட்டுவிடும், மூச்சும் பழகிவிடும். எலும்பு அப்படியில்லை. பழையதைக் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும். கட்டி முடிவதற்குள் ஓட்டத்தை ஏற்றினால் முழங்காலுக்குக் கீழே விரிசல் விழும். குன்னூர்ப் பக்கத்துச் சரிவில் இறக்கத்தில் ஓடுவது காலுக்கு இன்னும் அதிக அதிர்ச்சி. முன்னெலும்பைக் கட்டைவிரலால் கீழிருந்து மேலாக அழுத்திக்கொண்டே போ. வலி நீளமாகப் பரவியிருந்தால் சில நாள் ஓட்டத்தைக் குறைத்துப் பார். ஒரே புள்ளியில் தொட்டதும் வலியில் துள்ளினால் அன்றைக்கே எம்.ஐ. ரூமுக்கு, டாக்டர் பார்க்கிற இடத்துக்கு அனுப்பு. "நடிக்கிறான்" என்று ஓடவிட்டால் எலும்பு முழுதாக முறியும். அவன் அடுத்த பேட்ச்சோடு போக வேண்டியதுதான்.

ரகடா, அதான் தண்டனையாக உடம்பை வாட்டுகிற பயிற்சி, அதிலும் அளவு வேண்டும். பழகாத உடம்பை உட்கார்ந்து எழு, தவளைப் பாய்ச்சல் என்று ஒரே மூச்சில் வாட்டினால் தசை சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் டாக்டரிடம் அனுப்ப ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதே. இரவு ரகடா இன்னும் மோசம். தூக்கம் கெட்டவன் காலையில் தப்பு செய்வான், அதற்கும் ரகடா வாங்குவான், அன்றைக்கும் தூக்கம் போகும். தண்டனை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தப்பு நடந்த அப்போதே, தப்பு செய்தவனுக்கு மட்டும், சின்னதாகக் கொடு. ஒருவன் பெல்ட் பாலிஷ் போடாததற்கு மொத்த ஸ்குவாடையும் உருட்டினால் அன்று ராத்திரி பேரக்கில் அவனை மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொள்.

டிரில்லில் வேக நடைக்கு 'தேஜ் சல்' சொன்னதும் சிலருக்கு வலது கையும் வலது காலும் சேர்ந்தே போகும். புத்திக் குறைவு இல்லை, பயத்தில் நடையையே யோசிக்க ஆரம்பித்துவிடுகிறான். எல்லோர் முன்னாலும் கத்தினால் இன்னும் இறுகிவிடும். ஓரமாகக் கூப்பிட்டு, ஊரில் கடைக்குப் போகிற மாதிரி சும்மா நடக்கச் சொல். கை தானாக எதிர்க்காலோடு வீசும். அந்த நடையிலேயே வேகத்தை ஏற்று, முஷ்டியைப் பிறகு திருத்தலாம். ஒரு நேரத்தில் ஒரு தப்பைத்தான் திருத்த வேண்டும், ஐந்தைச் சொன்னால் ஒன்றும் நிற்காது. சாவ்தானில், விறைப்பாக நெடுநேரம் நிற்கிறவன் முட்டியை இறுக்கிப் பூட்டினால் ரத்தம் காலிலேயே தேங்கி மயங்கி விழுவான். பூட்ஸுக்குள்ளேயே கால்விரலை அசைக்கச் சொல்லிக் கொடு.

இப்போது வருகிறவர்கள் நான்கு வருடத்துக்கு மட்டும் எடுக்கிற அக்னிவீர் பையன்கள். நான்கு வருடம் முடிந்தால் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்துக் கட்டில்காரனே போட்டியாளன் என்று நினைக்க ஆரம்பித்தால், அவன் சாக்ஸ் காணாமல் போகும், ஆயுதம் துடைக்கக் கை கொடுக்க ஆளிருக்காது. அதற்கு நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். இரண்டிரண்டு பேராக ஜோடி போட்டு, கிட் பரிசோதனையில் இருவருக்கும் சேர்த்து ஒரே மார்க் போடு. தமிழ்ப் பையனையும் தெலுங்குப் பையனையும் சேர்த்துவிடு. நீயும் நம்ம ஊர்ப் பையன்களிடம் மட்டும் தனியாகத் தமிழில் சிரித்துப் பேசாதே, மற்றவர்கள் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

திடீரென்று ஒருவன் வாடிப்போனால் வீட்டுக் காசு விஷயமாக இருக்கலாம். முதல் வருடச் சம்பளம் 30,000 ரூபாய் என்று வீட்டில் கணக்குப் போட்டிருப்பார்கள். நான்கு வருடம் முடிந்ததும் கொடுக்கிற சேவா நிதிக்கு 9,000 போக மீதி 21,000தான் கைக்கு வரும் என்பதை அவன் அப்பாவிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருப்பான். தாளில் எழுதிக் காட்டி, வீட்டுக்கு என்ன சொல்வது என்றும் சொல்லிக் கொடு.

பார்சலில் இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் வைத்திருக்கிறோம். உன் காலையும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா