பிள்ளைகளுக்குச் சேணம் வாங்கும் முன்

அனைவருக்கும் வணக்கம். குதிரையேற்றம் பழகும் பிள்ளைகளுக்குச் சேணம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

"வளர்கிற பிள்ளைதானே" என்று சட்டை மாதிரி ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். பெரிய சேணத்தில் பிள்ளை பின்னால் சரிந்து உட்காரும், கால் முன்னே போய்விடும், அப்புறம் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கும். பிள்ளை உட்கார்ந்தபின் அதன் பின்னால் சேணத்தில் நான்கு விரல் அளவு இடம் இருந்தால் போதும்.

எனக்குப் பெரிய கவலை அங்கவடிதான், அதாவது சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கிற வளையம். பூட்ஸின் அகலமான பகுதியைவிட அது சுமார் 2.5 செ.மீ. அகலமாக இருக்கட்டும். குறுகலாக இருந்தால் கால் சிக்கும். ரொம்ப அகலமென்றால் பாதமே உள்ளே நுழைந்துவிடும். விழும்போது திறந்து காலை விடுவிக்கும் பாதுகாப்பு அங்கவடி கிடைத்தால் அதையே வாங்குங்கள். காலுக்குச் சிறிய குதி வைத்த பூட்ஸ்தான், ஸ்போர்ட்ஸ் ஷூ வேண்டாம்.

குதிரைக்கும் பொருந்த வேண்டுமே! பிள்ளை ஏறிய பிறகும் சேணத்தின் முன்பகுதிக்கும் குதிரையின் தோள் மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

பழைய சேணமென்றால் வார்களின் தையலை இழுத்துப் பாருங்கள். உள்சட்டம் உடைந்திருந்தால் வெளியே தெரியாமலும் போகலாம். பணம் கொடுக்கும் முன் பயிற்சியாளரிடம் காட்டிவிடுங்கள்.