அணைக்கும் சுவிட்ச் எதற்கு?

அன்பு மகள் யாழினிக்கு,

2014-ல் காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச்.370 பற்றி எழுதியிருந்தாய். விமானம் யார், எந்த உயரத்தில் என்று ரேடாருக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டரை விமானி அணைக்கவே முடியாதபடி செய்துவிட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். ஜெட் பயிற்சிக்குப் போகுமுன் இது உனக்குத் தெளிவாக வேண்டும், கண்ணு.

முதல் காரணம் தீ. வீட்டில் வயர் கருகும் வாடை வந்தால் மெயினை அணைத்துவிட்டு வெளியே ஓடிவிடலாம். 33,000 அடியில் ஓட இடமில்லை. 1998 செப்டம்பர் 2 இரவு, நியூயார்க்கிலிருந்து ஜெனீவா கிளம்பிய ஸ்விஸ்ஏர் 111 அந்த உயரத்தில்தான் பறந்தது. காக்பிட் கூரைக்கு மேலே வயரில் தீப்பொறி கிளம்பி, காப்புப் போர்வையின் மேலுறை பற்றிக்கொண்டது. வாடை தெரிந்த சுமார் 20 நிமிடத்தில் விமானம் கடலில் விழுந்தது. 229 உயிர்கள் போயின. புகை எங்கிருந்து என்று தெரியாதபோது பகுதி பகுதியாக மின்சாரத்தைத் துண்டித்துப் பார்க்கத்தான் செக்லிஸ்ட் சொல்லும். டிரான்ஸ்பாண்டர் என்ற ஒரு பெட்டிக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, தீ அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தால்?

இரண்டாவது, பொய்த் தகவல். டிரான்ஸ்பாண்டர் தப்பான உயரத்தைச் சொன்னால், பக்கத்து விமானத்தில் மோதலைத் தவிர்க்க வைத்திருக்கும் டிகாஸ் கருவி அதை நம்பி ஏறு, இறங்கு என்று கட்டளையிடும். அதனால்தான் உயரத்தை மட்டும் நிறுத்த ஒரு நிலையும், இரண்டாவது டிரான்ஸ்பாண்டருக்கு மாற ஒரு நிலையும் இருக்கின்றன. ஒரு எஞ்சின் நின்றுபோனால் நம் டிகாஸை 'டி.ஏ. ஒன்லி'க்கு, அதாவது கட்டளை இல்லாமல் எச்சரிக்கை மட்டும் தரும் நிலைக்கு, மாற்றுவோம். ஏறு என்று கட்டளை வந்தாலும் ஏற வலு இருக்காதே.

டிரான்ஸ்பாண்டர் மட்டுமல்ல, வேறு கருவிகளுக்கும் அணைக்கும் சுவிட்ச் உயிர் காக்கும். 2018 அக்டோபர் 28 இரவு, பாலியிலிருந்து ஜகார்த்தா போன லயன் ஏர் 737 மேக்ஸின் மூக்கை எம்காஸ் என்ற தானியங்கி அமைப்பு கீழே தள்ளிக்கொண்டே இருந்தது. வால் இறக்கையை நகர்த்தும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்டேப் டிரிம் கட்அவுட் சுவிட்சுகளை அணைத்து, கைச்சக்கரத்தால் அந்த இறக்கையைச் சரிசெய்து பத்திரமாக இறக்கினார்கள். மறுநாள் காலை அதே விமானம், அதே கோளாறு. சுவிட்சுகள் அணைக்கப்படவில்லை. 189 பேர் இறந்தார்கள்.

ஆனால் இன்னொன்றையும் நீ படிக்க வேண்டும். 2012 மே 9, இந்தோனேசியாவின் சலாக் மலை. மேகத்துக்குள் பறந்த சுகோய் சூப்பர்ஜெட்டில், மோதுவதற்கு 38 நொடி முன்பே தரை எச்சரிக்கை கூவியது. தரவுக் கோளாறு என்று நினைத்து கேப்டன் அதை அணைத்தார். முதல் எச்சரிக்கையிலிருந்து 24 நொடிக்குள் மேலேற்றியிருந்தால் தப்பியிருக்கலாம் என்றது விசாரணை. 45 பேர் போனார்கள். எனக்கு இன்றும் மனம் ஆறாத விபத்து இது.

மேகத்துக்குள் 'புல் அப்' (மேலே தூக்கு) என்று தரை எச்சரிக்கை கேட்டால் முதலில் ஏறு. பாதுகாப்பான உயரத்துக்கு வந்தபிறகு கருவியைச் சந்தேகப்படு. தானாக வெளியே வந்த சர்க்யூட் பிரேக்கரையும் பழக்கத்தில் அமுக்கிவிடாதே, ஏதோ சூடானதால்தான் அது வந்திருக்கும். அதைப் பற்றி உங்கள் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்து, அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அம்மா