'வேலையை மறுத்தார்' என்று மட்டும் எழுதினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலை தேடுவோருக்கான உதவித்தொகை பற்றி உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒரே வாதம் திரும்பத் திரும்ப வருகிறது: கொடுத்த வேலையை வேண்டாம் என்கிறவருக்கு எதற்குப் பணம், உடனே நிறுத்துங்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. மாதாமாதம் சம்பளத்தில் சந்தா பிடித்தம் போகிறவருக்கு அப்படித் தோன்றத்தான் செய்யும். காரணமே இல்லாமல் மறுப்பவருக்குப் பணம் குறையட்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மறுத்தது எந்த வேலையை என்று அந்தக் கடிதங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சட்டம் எழுதியவர்கள் கேட்டிருக்கிறார்கள், அதுவும் ரொம்ப காலத்துக்கு முன்பே. அமெரிக்காவில் 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதே, வேலைநிறுத்தத்தால் காலியான இடத்துக்குப் போக மறுத்தாலோ, அந்த வட்டாரத்தில் அதே வேலைக்கு வழக்கமாகக் கிடைக்கும் கூலியைவிட மிகவும் குறைவாக இருக்கிறதென்று மறுத்தாலோ, 'சங்கத்தை விட்டு விலகினால்தான் வேலை' என்ற நிபந்தனையை ஏற்க மறுத்தாலோ உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 168ஆம் உடன்படிக்கை 1988இல் வந்தது. அது இன்னும் விரிவாகப் பேசுகிறது. வயது என்ன, பழைய தொழிலில் எத்தனை வருடம் இருந்தார், எவ்வளவு காலமாக வேலையில்லாமல் இருக்கிறார், வேலைச் சந்தை எப்படி இருக்கிறது, இந்த வேலை அவர் குடும்பத்தை எப்படிப் பாதிக்கும் என்றெல்லாம் பார்த்துத்தான் ஒரு வேலை பொருத்தமானதா என்று முடிவு செய்ய வேண்டும் என்கிறது.

எனக்குப் பிடித்தது ஜெர்மனியின் வேலையின்மைக் காப்பீட்டு விதி, ஏனென்றால் அதில் எல்லாம் எண்ணாக இருக்கிறது. முதல் 3 மாதங்களில் பழைய சம்பளத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைந்த வேலையை ஏற்க வேண்டியதில்லை. அடுத்த 3 மாதங்களுக்கு அந்த அளவு 30 சதவீதம். ஏழாவது மாதத்திலிருந்து, கைக்கு வரும் சம்பளம் உதவித்தொகையைவிடக் குறைவாக இருந்தால் மட்டும்தான் சம்பளத்தைக் காரணம் காட்டி மறுக்கலாம். 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலையென்றால் போக வர மொத்தம் இரண்டரை மணி நேரம் வரை பயணம் செய்யச் சொல்லலாம். கடுமையான விதிதான், இரண்டரை மணி நேரம் எனக்கு அதிகமாகவே படுகிறது. இருந்தாலும் வேலை தேடுபவருக்குத் தன் நிலைமை என்ன என்று முன்கூட்டியே தெரிகிறது, எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் மனநிலையை நம்பி இருக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் இதற்கு நேர்மாறான திசையில் போனார்கள். வழக்கமாகச் செய்யும் தொழிலில் மட்டும் வேலை தேட 3 மாதம் வரை விட்டிருந்ததை 2022 பிப்ரவரியில் 4 வாரமாகக் குறைத்தார்கள். விண்ணப்பம் போட்டு, நேர்காணல் முடிந்து, பதில் வரவே நாலு வாரத்துக்கு மேல் ஆகும் தொழில்கள் எத்தனையோ இருக்கின்றன. அந்த வாரங்கள் தாண்டியதும் கிடைத்ததைச் செய் என்றால், பத்து வருடம் பழகிய கைத்திறன் வீணாகிறது. அது அவருக்கு மட்டுமா நஷ்டம்?

எனக்கே இது நடந்தது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்த இடம் மூடியபிறகு இரவு ஷிப்டில் ஒரு வேலை கொடுத்தார்கள். வேலை என்னவாக இருந்தாலும் போயிருப்பேன், ஆனால் அம்மா படுக்கையில் இருந்தார், ராத்திரியில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க என்னை விட்டால் ஆளில்லை. அதைச் சொன்னேன். பகல் ஷிப்ட் இருந்தால் நாளைக்கே வருகிறேன் என்றும் சொன்னேன். கோப்பில் ஏறியது 'மறுத்தார்' என்ற ஒரு சொல் மட்டும். பணம் முதலில் நின்றது, ஏன் நின்றது என்ற கடிதம் அதற்கப்புறம் வந்தது. மேல்முறையீட்டில் என் காரணத்தை ஏற்றுக்கொண்டு நிறுத்திய பணத்தைக் கொடுத்தார்கள், ஆனால் அதற்குள் ஏழு வாரம் போய்விட்டது, அந்த ஏழு வாரமும் கடன் வாங்கித்தான் அம்மாவுக்கு மருந்து வாங்கினேன்.

பணத்தை நிறுத்தினால் ஆட்கள் சீக்கிரம் வேலைக்குப் போகிறார்கள் என்பது உண்மைதான். சுவிட்சர்லாந்தில் இதை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஒரு கட்டுரையும் அதைச் சொல்கிறது. ஆனால் அதே ஆய்வு, அப்படிப் போனவர்களின் வருமானம் பிறகு குறைந்திருந்ததையும் கண்டது. பயத்தில் கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொண்டால் வேறென்ன ஆகும்?

அடுத்தது, எவ்வளவு குறைக்கலாம் என்பது. காப்பீடு தீர்ந்தவர்களுக்கு ஜெர்மனியில் அடிப்படை உதவி உண்டு. கிடங்கு வேலை வேண்டாம், விற்பனை வேலைதான் வேண்டும் என்ற ஒருவருக்கு அதைக் குறைத்த வழக்கில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 நவம்பர் 5 அன்று தீர்ப்புச் சொன்னது. குறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. 30 சதவீதம் வரை குறைக்கலாம், அப்போது இருந்த விதிப்படி 60 சதவீதமும் முழுத்தொகையும் பிடிப்பது மனித கண்ணியத்துக்கு ஒவ்வாது என்றது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. ஒழுங்குபடுத்துவதற்காக ஒருவரின் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது.

விதியை எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. படிவத்தில் 'மறுத்தார்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு இடம் விடுங்கள், அதைப் படித்து முடிக்கும் வரை பணத்தை நிறுத்தாதீர்கள். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இத்தனை பேர் வேலையை மறுத்தார்கள் என்று அடுத்த முறை செய்தி போடும்போது, அவர்களுக்கு என்ன வேலை, என்ன சம்பளத்துக்கு, எந்த நேரத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் விசாரித்துச் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்