பம்பரும் பெயிண்டும், அப்பாவின் இருமலும்

ஸ்கார்பரோ, கனடா,
ஜூன் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்தால் போதும் என்று இருக்காமல் ஒருதரம் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பிப்ரவரியில் போனில் சொன்னேனே, என் கொரோலாவின் பின்பக்கத்தை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று. அன்று மைனஸ் 18 டிகிரி. வெயில் காலத்தில் அதே இடி பட்டிருந்தால் பம்பர் உள்ளே அமுங்கி, வெந்நீர் ஊற்றினால் வெளியே வந்திருக்கும். அந்தக் குளிரில் பிளாஸ்டிக்குக்கு வளையவே தெரிவதில்லை. ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்து தொங்கியது. இரண்டு பட்டறைகளில் கேட்டேன். இரண்டு இடத்திலும், புதிதாகத்தான் மாட்ட வேண்டும், பெயிண்டோடு சேர்த்து 1,300 டாலர் ஆகும் என்றார்கள். இன்சூரன்ஸில் போனால் முதல் 1,000 டாலர் என் கைக்காசு. நாமக்கல்லில் லாரிக்கு டிங்கரிங் செய்கிறவரின் மகன் இதற்கா 1,300 கொடுப்பது என்று தோன்றிவிட்டது. நாமே செய்வோம் என்று முடிவு செய்தேன்.

ஆனால் மே கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெயிண்ட் சரியாகப் பிடிப்பதில்லை, காய்வதும் இல்லை. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஸ்ப்ரே அடிக்கவும் விட மாட்டார்கள். நல்லவேளை, இரண்டு தெரு தள்ளி ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் இருக்கிறார். அவர் வீட்டில் தனி கராஜ் உண்டு. "ஆறுதலாச் செய்யும் தம்பி, கராஜ் சும்மாதானே கிடக்கு" என்றார். அவர்கள் பேச்சில் ஆறுதல் என்றால் நிதானம்.

பம்பரைக் கழற்றியதும் முதலில் உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் அம்பாசடர் பம்பரை நிமிர்த்துவதை நின்று பார்த்திருக்கிறேன். முழு இரும்பு, மேலே குரோமியம், இடியைத் தானே வாங்கிக்கொள்ளும். இதில் வெளியே தெரிவது வெறும் தோல்தான். உள்ளே தெர்மோகோல் போல ஒரு கட்டை, அதற்குப் பின்னால் இரும்புச் சட்டம். இடியைத் தாங்குவது அவை இரண்டும்தான். அவை உடைந்திருந்தால் மேலே எவ்வளவு அழகாகப் பூசினாலும் பயனில்லை. கையால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

பம்பரின் உள்பக்கத்தில் இது என்ன பிளாஸ்டிக் என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். என்னுடையதில் 'பிபி'யும் 'ஈபிடிஎம்'மும் இருந்தன. பாலிபுரோப்பிலீனோடு ரப்பர் கலந்தது. சூடு காட்டினால் மெழுகுவத்தி அணைத்த மாதிரி வாசனை வரும். சாதாரணப் பசை எதுவும் இதில் நிற்காது. அதனால் விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் முனையில் சின்னதாக ஓட்டை போட்டேன். பின்பக்கம் விரிசல் நெடுகப் பள்ளம் எடுத்து, சூடான கம்பிப் பின்னை குறுக்கே அழுத்திப் பதித்து, அதன் மேல் அதே பிபி குச்சியை உருக்கி நிரப்பினேன். இரும்புக்கு நீங்கள் கேஸ் வெல்டிங் வைக்கிற அதே முறைதான், சூடு மட்டும் குறைவு. கொஞ்சம் அதிகமானாலும் பிளாஸ்டிக் கருகி, பிடிமானம் போய்விடும்.

உப்புத்தாள் போடும்போதுதான் கஷ்டம். இரும்பு வழுவழுவென்று வரும். இது தேய்க்கத் தேய்க்க நூல் நூலாக எழும்புகிறது. 80-ஆம் நம்பர் முரட்டுத் தாளில் ஆரம்பித்து 180, 320 என்று மெல்லிய தாளுக்கு இறங்கி, பிளாஸ்டிக்குக்கென்றே விற்கிற வளையும் பட்டி பூசி, 600-ல் வாட்டர் பேப்பர் போட்டு முடிக்க ஒரு சனிக்கிழமை முழுதும் போயிற்று. விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினேன். மேடு பள்ளத்தைக் கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள். இரண்டு இடம் அப்படித்தான் அகப்பட்டது.

அப்புறம் ஒரு விஷயம், இது உங்களுக்கும் உதவும். விசேஷத்துக்கு இரவல் போகிற பிளாஸ்டிக் குடத்தில் அம்மா பெயரை எழுதினீர்களே, ஒரு வாரத்தில் உரிந்து வந்ததே, நினைவிருக்கிறதா? இந்த வகை பிளாஸ்டிக்கில் பெயிண்ட் தானாக ஒட்டாது. பிரைமருக்கு முன்னால் 'அட்ஹீஷன் புரமோட்டர்' என்று, பெயிண்டை ஒட்டவைக்கிற ஒன்றை மெல்லிசாக அடிக்க வேண்டும். உள்பக்கம் ஒரு மூலையில் அது இல்லாமல் பிரைமர் அடித்துப் பார்த்தேன். மறுநாள் டேப் ஒட்டி இழுத்ததும் அப்படியே டேப்போடு வந்துவிட்டது. அது அடித்த இடத்தில் ஒரு பொட்டுகூட வரவில்லை.

நிறம் வெள்ளி. டிரைவர் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் 1எஃப்7 என்று போட்டிருந்தது, அதைச் சொல்லி டப்பா வாங்கினேன். வெள்ளியில் ஒட்டுப்போட முடியாது, முனைக்கு முனை அடி என்பீர்களே, அப்படியே செய்தேன். ஈரமாக அடித்தால் கறுக்கிறது, உலர்வாக அடித்தால் வெளுக்கிறது. ஒரு அட்டையில் நாலு தரம் அடித்துப் பழகிய பிறகுதான் பம்பர் பக்கம் போனேன். நிழலில் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. மாலை வெயிலில், பக்கவாட்டில் நின்று பார்த்தால் பம்பர் ஒரு நூல் கறுப்பு. நீங்கள் பார்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கடைசியில் கிளியர் கோட், நிறத்துக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. அதற்காகத்தான் அப்பா இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீங்கள் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டில் இறுகுவதற்காகக் கலக்கிறீர்களே ஹார்ட்னர், அது கலந்த கிளியர் டப்பா இங்கேயும் கிடைக்கிறது. வாங்கலாம் என்று கையில் எடுத்தேன். அதன் மேல் இருந்த எச்சரிக்கையைக் கடையிலேயே நின்று படித்தேன். ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே அடிக்கும்போது மூச்சோடு உள்ளே போய் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். உடம்பு ஒருதரம் அதற்கு ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் துளி போனாலும் மூச்சு இழுக்கும். வாசனையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, வாசனை தெரிவதற்குள் கெடுதல் நடந்துவிடும். இங்கே பட்டறைகளில் அதை அடிக்கிறவர்கள் வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வருகிற முகமூடி போட்டுக்கொள்கிறார்கள்.

டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டேன். ஹார்ட்னர் இல்லாத கிளியரை வாங்கினேன். பெட்ரோல் பட்டால் அது தாங்காது, பம்பருக்குப் பரவாயில்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. 30 வருஷமாக நீங்கள் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடிப்பதுதான் கண் முன்னால் வந்தது. போனில் பேசும்போது நீங்கள் இருமுவதை, தூசி என்று நீங்கள் சொல்ல, நானும் சரி என்று விட்டுவிட்டேனே.

துண்டு இதைத் தடுக்காது அப்பா. ஜூலையில் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் ஊருக்கு வருகிறார். அவரிடம் முகமூடி ஒன்றும், இரண்டு பக்கமும் மாட்டுகிற ஃபில்டர் ஆறு ஜோடியும் கொடுத்துவிடுகிறேன். குழாய் முகமூடிக்கு இது ஈடில்லை. அதனால் இனி பி.யூ. வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால் கொட்டகைக்குள் வேண்டாம், வெளியே காற்று முதுகுப் பக்கம் வருகிற மாதிரி நின்று அடியுங்கள். பட்டறைப் பையன்களையும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். அதற்கு முன்னால் இந்த மாதமே நெஞ்சு டாக்டரிடம் போய், குழாயில் ஊதச் சொல்லிப் பார்க்கிற நுரையீரல் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். என்ன வேலை, என்ன பெயிண்ட் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அதற்குத் தனியாகப் பணம் அனுப்புகிறேன். பம்பரில் மிச்சமானதுதான்.

முகமூடி முகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டினால்தான் பலன். அதனால் தாடியை மழித்துவிட வேண்டும். மீசை ரப்பருக்குள் அடங்கிவிடும், அது இருக்கலாம்.

அன்புடன்,
உங்கள் மகன்