கனடாவில் ஒரு களையெடுப்பு

மிசிசாகா
ஆகஸ்ட் 20

அன்புள்ள செல்வம்,

சம்பாவுக்கு விதை விட்டாயிற்றா? எனக்கும் இங்கே ஒரு வயல் இருக்கிறது. மகன் வீட்டு முன்னால் நாலு கட்டில் போடுகிற இடம், முழுக்கப் புல். மாடு கிடையாது, ஆனால் வாரம் தவறாமல் அறுக்க வேண்டும்.

வந்த புதிதில் அதற்குள் மூன்றிலைச் செடி ஒன்று திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தது. புளியாரை என்று கிள்ளி வாயில் போட்டேன், புளிக்கவே இல்லை. புளியாரை இலை நுனி பிளந்து இதயம் மாதிரி இருக்குமே, இது முட்டை வடிவம், நடுவே வளைந்த வெள்ளைக்கோடு. குளோவர் என்றான் மகன். களைதானே என்று களைக்கொத்தை எடுத்துக் கிளறினால், வேரில் நம் உளுந்துக்கு இருக்கிற அதே முடிச்சுகள்! காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கிற ஜாதி, கொழிஞ்சிக்குப் பங்காளி. அப்புறம் பிடுங்க மனம் வருமா?

புல், கென்டக்கி புளூகிராஸ். இலை நுனி படகு மூக்கு மாதிரி குவிந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் நடுவே தண்டவாளம் போல இரண்டு வெளிர்கோடு. இடையிடையே அடிப்பக்கம் பளபளக்கிற, தூர் சிவந்த ரை புல்லும் உண்டு. நம் அருகுக்கு நேர்மாறு இவை. வசந்தத்திலும் செப்டம்பரிலும் துள்ளும், ஜூலை வெயிலில் பழுத்துத் தூங்கும். அது தெரியாமல் ஜூன் கடைசியில் ஒட்ட அறுத்துவிட்டேன். பத்தே நாளில் வைக்கோல். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. குளோவர் திட்டு மட்டும் பச்சையாகவே நின்றது.

இப்போது மூன்று அங்குலம் விட்டு அறுக்கிறேன். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை; அறுத்ததை அங்கேயே விட்டால் அதுவே உரம். மகன் வாங்கிய உரமூட்டையை ஓரம்கட்டிவிட்டேன். தழைச்சத்து கூடினால் புல் எழும்பி குளோவரை அமுக்கிவிடும்.

முன்பெல்லாம் புல் விதையோடு குளோவர் விதையையும் கலந்தேதான் விற்றார்களாம். 1940களில் 2,4-டி என்கிற களைக்கொல்லி வந்தது, நாமும் நெல்லுக்கு அடித்தோமே, அதேதான். அகன்ற இலையெல்லாம் செத்தது, குளோவரும் களை ஆகிவிட்டது. எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009 முதல் அழகுக்காக இப்படி மருந்தடிக்கத் தடை.

ஒரே தொல்லை, வெள்ளைப் பூவுக்குத் தேனீ வருகிறது, பேத்தி வெறுங்காலோடு ஓடுகிறாள். அவள் விளையாடுகிற மூலையில் மட்டும் பூ எடுக்கும் முன்பே அறுத்துவிடுகிறேன்.

அடுத்த வாரம் சொட்டை விழுந்த இடத்தில் விதை தூவப் போகிறோம். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் முன்பாதியும்தான் இங்கே அதற்குப் பட்டம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எழுது.

உன்,
ராமு