அந்த இரண்டு நாற்றுகளையும் திரும்பச் சேர்

அன்பு மகள் பூங்கொடிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நெதர்லாந்தில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ என்று அம்மா மூன்று முறை சொல்லிவிட்டாள். இங்கே நேற்றுத்தான் முதல் மழை. கொல்லைப்புறம் முழுக்கத் தவளைச் சத்தம்.

நீ அனுப்பிய அறிக்கையை ராத்திரி உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். பழைய உரக்கரைசல் ஊற்றிய 20 தக்காளி நாற்று, புதுக் கரைசல் ஊற்றிய 20 நாற்று. இரண்டின் சராசரி உயரத்துக்கும் ஆளுக்கொரு பட்டை வரைந்து, புதுசின் பட்டை உயரம் என்று காட்டியிருக்கிறாய். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: ‘புதுக் கரைசலில் சரியாக வளராத 2 நாற்றுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.’ எனக்கு அந்த வரியைத் தாண்டிப் படிப்பு ஓடவில்லை. போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ ஏமாற்றுகிறாய் என்று நான் நினைக்கவில்லை, அம்மா. சராசரி என்ற ஒரே எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடப் போனால், எல்லோருக்கும் வருகிற ஆசைதான் அது. குட்டையான இரண்டு செடி சராசரியை இழுத்துப்போடும், எடுத்துவிடலாம் என்று தோன்றும். நீ பட்டையை விட்டுவிட்டு, எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று காட்டுகிற பெட்டி வரைபடம் போட்டிருந்தால், அந்த இரண்டு நாற்றையும் விரட்ட வேண்டிய தேவையே வந்திருக்காது. அவை தம் இடத்தில் புள்ளியாக நின்றிருக்கும், மற்றவையும் அவற்றால் கெட்டிருக்காது.

நான் சொல்வதைவிட ஒரு பழைய கணக்கைக் காட்டுகிறேன். சார்லஸ் டார்வின் இங்கிலாந்தில் அந்நாளில் கென்ட் பகுதியில் இருந்த தன் வீட்டில் மக்காச்சோளத்தை வைத்துச் செய்த சோதனை. 1876-இல் வெளியிட்டார். அயல் மகரந்தச் சேர்க்கையில் விளைந்த விதையிலிருந்து வந்த செடி ஒன்று, தன் மகரந்தச் சேர்க்கையில் வந்த செடி ஒன்று, இரண்டையும் ஒரே தொட்டியில் எதிரெதிர்ப் பக்கம் வளர்த்தார். இப்படி 4 தொட்டிகளில் 15 ஜோடி. உயரத்தை அரைக்கால் அங்குலம் வரை துல்லியமாக அளந்தார். நம் தாத்தா காலத்து அரைக்கால்தான், எட்டில் ஒரு பங்கு.

அயல் சேர்க்கைச் செடிகளைச் சின்னதிலிருந்து பெரிசுக்கு வரிசைப்படுத்தினால் இப்படி வரும்: 12, 12, 18¼, 19⅛, 20⅜, 21, 21, 21½, 21⅝, 22, 22⅛, 22⅛, 23, 23¼, 23½.

தன் சேர்க்கைச் செடிகள்: 12¾, 15¼, 15½, 16¼, 16½, 17⅜, 18, 18, 18, 18⅜, 18⅝, 18⅝, 20, 20, 20⅜.

ஒரு கிராஃப் தாளை எடுத்து என்னோடு கூடவே வரைந்து பார். ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் அங்குலம், கீழே 12, மேலே 24. எட்டாவது செடிதான் நடு, அதாவது இடைநிலை அளவு: ஒன்றுக்கு 21½, மற்றதுக்கு 18. அந்த நடுச் செடிக்குக் கீழே இருக்கும் ஏழில் நான்காவது முதல் கால்மானம், மேலே இருக்கும் ஏழில் நான்காவது மூன்றாம் கால்மானம். அயல் சேர்க்கைக்கு 19⅛, 22⅛. தன் சேர்க்கைக்கு 16¼, 18⅝. இந்த இரண்டுக்கும் நடுவே பெட்டி, பெட்டிக்குள் இடைநிலை அளவில் ஒரு கோடு. ஒரே அளவுகோலில் பக்கத்துப் பக்கத்தில் வரை. தனித்தனித் தாளில் வரைந்தால் ஒப்பீடு கண்ணில் படாது.

இப்போது பார். ஒரு பெட்டியின் தரை 19⅛. மற்றப் பெட்டியின் கூரை 18⅝. இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று தொடவே இல்லை. அயல் சேர்க்கைச் செடி பதினைந்தில் பன்னிரண்டு 19⅛ அல்லது அதற்கு மேல். தன் சேர்க்கைச் செடி பதினைந்தில் பன்னிரண்டு 18⅝ அல்லது அதற்குக் கீழ். சராசரியைப் போட்டால் 20.19, 17.58, வித்தியாசம் 2.6 அங்குலம். இடைநிலை அளவில் வித்தியாசம் 3½ அங்குலம். அந்த இரண்டு 12 அங்குலச் செடிகள் சராசரியைக் கீழே பிடித்து இழுத்தன, இடைநிலை அளவை அவற்றால் அசைக்க முடியவில்லை.

அடுத்து மீசை. பெட்டியின் உயரத்தை ஒன்றரையால் பெருக்கி, தரையிலிருந்து கீழேயும் கூரையிலிருந்து மேலேயும் அவ்வளவு தூரத்தில் ஒரு வேலி இருப்பதாக வைத்துக்கொள். வேலிக்குள் இருக்கிற கடைசிச் செடி வரை மீசை நீளும். வேலிக்கு வெளியே உள்ளவை புள்ளிகள். 1952-இலேயே மேரி எலினோர் ஸ்பியர் என்ற அமெரிக்கப் பெண்மணி இதுபோல ஒரு படத்தைத் தந்திருந்தார். நாம் இன்று போடுகிற வேலியும் புள்ளியும் ஜான் டூக்கி என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் கொடுத்தவை, 1977-இல் வந்த அவர் புத்தகத்தால் பரவியவை. கம்ப்யூட்டரில் ‘பிட்’ என்று நீ தினமும் சொல்கிற சொல்லும் அவர் வைத்ததுதான். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது, வேலிக்கு வெளியே போனதை அவர் அழிக்கச் சொல்லவில்லை என்பது. தனியாகக் குறித்துக் காட்டச் சொன்னார்.

அயல் சேர்க்கைக்குப் பெட்டி உயரம் 3, ஒன்றரை மடங்கு 4½, கீழ் வேலி 14⅝. கீழ் மீசை 18¼-இலேயே நின்றுவிடும். அதற்குக் கீழே நீண்ட வெற்றிடம், பிறகு 12-இல் புள்ளி. ஒன்று கவனி, அங்கே இருப்பது இரண்டு செடி. இரண்டுமே சரியாக 12 என்பதால் ஒரு புள்ளி மேல் மற்றொன்று விழுந்து ஒன்று மாதிரித் தெரியும். பக்கத்தில் கொஞ்சம் தள்ளிப் போடு.

தன் சேர்க்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். வேலி 12.6875-இல் வருகிறது. கடைசிச் செடி 12.75. மாகாணி அங்குலத்தில், அதாவது பதினாறில் ஒரு பங்கில், உள்ளே நின்றுவிட்டது! அதுவும், நடுச் செடியை விட்டுவிட்டுக் கால்மானம் பார்த்தால்தான். ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளில் பெட்டி வரையச் சொன்னால் நடுச் செடியை இரண்டு பாதியிலும் சேர்த்துக்கொள்ளும். அப்போது முதல் கால்மானம் 16⅜ ஆகும், வேலி 13-க்கு ஏறும், அதே செடி வெளியே புள்ளியாகிவிடும். செடி வளரவும் இல்லை, தேயவும் இல்லை. நாம் பாதியை எண்ணுகிற முறை மட்டும் மாறியது. வேலிக்கு வெளியே விழுந்தது என்பதற்காகவே ஒன்றை நீக்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் பேராவூரணிப் பக்கம், ஊரின் சராசரி விளைச்சலைக் கணிக்கிற பயிர் அறுவடைப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். உனக்கு அந்த வேலை தெரியும், சின்னப் பிள்ளையில் என் கயிற்றையும் முளைக்குச்சியையும் வைத்து விளையாடியிருக்கிறாய். சமவாய்ப்பு எண் எந்த வயலைக் காட்டுகிறதோ அந்த வயலில், எந்த இடத்தைக் காட்டுகிறதோ அந்த இடத்தில், 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட வேண்டும். மூலைக்கு மூலை 7.07 மீட்டர் வருகிறதா என்று கயிறு பிடித்துச் சரிபார்த்து, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவோம்.

அன்றைக்கு எண் காட்டிய வயல் கடைமடையில் இருந்தது. தண்ணீர் எட்டாமல் பாதி பதர். பத்தடி தள்ளி அடுத்த வயல் நன்றாக விளைந்து சாய்ந்து கிடந்தது. இதை எடுத்தால் ஊர்ச் சராசரியே கெட்டுவிடுமே என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் காலை எடுத்து வைத்தேன். வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். கோபமாகக்கூட இல்லை. “தண்ணி வராத வயலும் வயலுதான் தம்பி. எழுதிக்கிட்டுப் போங்க” என்றார். திரும்பி வந்து முளை அடித்தேன். தூற்றின நெல் சாக்கின் அடியைக்கூட நிரப்பவில்லை. பெரியவர் அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி சாக்கில் போட்டார். ஒரு மணி கீழே சிந்தாமல் போட்டார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கை எனக்குத் தெரிகிறது.

சரி, டார்வினுக்கு வருகிறேன். பெட்டிக்குள் ஒளிந்துவிடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது, அதுதான் உன் நாற்றுக்கு முக்கியம். பெட்டி வரைய எண்களை வரிசைப்படுத்துகிறோம். வரிசைப்படுத்திய உடனே யார் யாரோடு ஒரே தொட்டியில் இருந்தார்கள் என்பது கலைந்துபோகிறது. டார்வின் தன் உறவினர் பிரான்சிஸ் கால்டனிடம் இந்தக் கணக்கைப் பார்க்கச் சொன்னபோது அவர் செய்ததும் அதுதான், ஒவ்வொரு பக்கத்தையும் உயர வரிசையில் அடுக்கினார். 1935-இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் அதைக் குறை சொன்னார். ஒரே தொட்டியில் வளர்த்த ஜோடியைப் பிரித்துவிட்டால், அப்படி வளர்த்ததற்கே பலன் இல்லாமல் போகிறது.

ஜோடி ஜோடியாகப் பார்த்தால் பதினைந்தில் பதின்மூன்று ஜோடியில் அயல் சேர்க்கைச் செடியே உயரம். மீதி இரண்டு ஜோடிகள் எவை? அந்த 12 அங்குலச் செடிகள் இருக்கிற ஜோடிகளேதான். அதில் ஒன்றின் துணை எவ்வளவு உயரம் தெரியுமா? 20⅜. தன் சேர்க்கைச் செடிகளிலேயே அதுதான் நெட்டை. ஒரே தொட்டியில் மிகக் குட்டையானதும், மற்றப் பக்கத்தின் மிக உயரமானதும். ஒன்றின் குட்டைக்கும் மற்றதன் நெட்டைக்கும் தொடர்பு உண்டா, பக்கத்தில் போட்டி குறைந்ததால் இது வளர்ந்ததா? அந்த 12-ஐ நீக்கியிருந்தால் இந்தக் கேள்வியே நமக்குக் கிடைத்திருக்காது. டார்வின் அதை அட்டவணையில் அப்படியே அச்சிட்டதால் கிடைத்தது.

பெட்டிக்கு இன்னொரு குறையும் உண்டு. எண்கள் இரண்டு கும்பலாகப் பிரிந்து கிடந்தாலும் பெட்டி அதைக் காட்டாது, இருபது செடி என்றாலும் இருநூறு என்றாலும் ஒரே மாதிரி நிற்கும். உன்னிடம் இருபது இருபதுதான் இருக்கிறது, பெட்டியின் மேலேயே எல்லாச் செடியையும் சின்னப் புள்ளியாக வைத்துவிடு, தீர்ந்தது.

அதனால் நீ செய்ய வேண்டியது: அந்த இரண்டு நாற்றுகளையும் திரும்பச் சேர். எந்தத் தட்டில், எந்த ஓரத்தில் இருந்தன, பக்கத்தில் எது வளர்ந்தது என்று உன் குறிப்பேட்டைப் பார். இரண்டும் ஒரே தட்டிலிருந்து வந்தவையா? தட்டின் மூலையில் குழாய் அடைத்திருந்ததா? அது தெரிந்த பிறகும் நீக்க வேண்டும் என்றால், காரணத்தை அந்த வரியில் எழுதி நீக்கு. அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

அப்புறம் 40 எண்களையும் வரிசைப்படுத்தாமல், தட்டு வாரியாகவே எனக்கு அனுப்பு. நான் கையால் வரைந்து வைக்கிறேன், நீ கம்ப்யூட்டரில் வரைந்ததோடு ஒத்துப் பார்க்கலாம். கிராஃப் தாள் நேற்றே வாங்கிவிட்டேன். அம்மா மாவடு பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள், வந்ததும் ஒரு வார்த்தை சொல்.

இப்படிக்கு,
அன்பு அப்பா